டெக்சஸ் நலத்துறையை அதன் எண்களை வைத்தே கேள்வி கேட்பது எப்படி

குறைந்த வருமானத்தினருக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட், குழந்தைகளுக்கான காப்பீடான சிப், உணவு உதவியான ஸ்னாப், மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டிலேயே தரும் சேவைகள், அரசு மனநல மருத்துவமனைகள், முதியோர் இல்லங்களின் உரிமமும் சோதனையும் எல்லாம் டெக்சஸில் ஒரே குடையின் கீழ் வருகின்றன. அந்தக் குடையின் பெயர் ஹெல்த் அண்ட் ஹியூமன் சர்வீசஸ் கமிஷன். இனி ‘ஆணையம்’ என்றே சொல்வோம். 2003-இல் 12 துறைகளை ஐந்தாகச் சுருக்கினார்கள். 2015-இல் வந்த இன்னொரு சட்டம் அந்த ஐந்திலும் பெரும்பகுதியை இந்த ஆணையத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது. இவ்வளவு பெரிய அமைப்பிடம் போய் “ஏன் சரியாக வேலை செய்யவில்லை?” என்று கேட்டால் பதிலும் அதே அளவுக்குப் பொதுவாகத்தான் வரும். “நீங்கள் எழுதிக் கொடுத்த இந்த இலக்கு, நீங்களே அனுப்பிய இந்தக் காலாண்டு எண், நடுவில் இவ்வளவு இடைவெளி” என்று தாளை நீட்டினால் பதில் சொல்பவரும் தாளைப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும்.

அந்தத் தாளைத் தயாரிக்கும் முறைதான் கீழே இருப்பது. பெற்றோர் குழுக்கள், தன்னார்வ அமைப்புகள், உள்ளூர் நிருபர்கள் எல்லோருக்கும் பொருந்தும். கணக்கு எல்லாம் எட்டாம் வகுப்பு விழுக்காடுதான். பொறுமை மட்டும் கொஞ்சம் அதிகம் தேவை.

இலக்கு எழுதப்பட்டிருக்கும் இடம்

டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒரு பட்ஜெட் போடுகிறது. பொது ஒதுக்கீட்டுச் சட்டம் என்ற பெயரில் அது வெளிவரும். அதில் இரண்டாம் பிரிவு முழுக்கச் சுகாதார, மனிதநலத் துறைகளுக்கானது. ஆணையத்தின் பக்கங்களைத் திறந்தால் பெரிய குறிக்கோள், அதன் கீழ் செயல்திட்டம், அதற்கான தொகை என்று போகும். தொகைக்குப் பக்கத்திலேயே அளவீடுகளும் ஒவ்வொரு ஆண்டுக்கான இலக்கும் அச்சாகியிருக்கும். பணத்தையும் வாக்குறுதியையும் ஒரே பக்கத்தில் வைத்த சட்டம் என்பதால், வேறெந்த ஆவணத்தையும்விட இதற்கு எடை அதிகம். துறைத் தலைவரின் பேச்சு, விளக்கப் படங்கள், இணையதளத்தின் வண்ண வரைபடங்கள் எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

ஒரு அமர்வில் ஒரே ஒரு செயல்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஆணையத்தையும் கண்காணிக்கப் புறப்பட்ட குழுக்கள் பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில் களைத்துப்போகும். மெடிக்கெய்ட், ஸ்னாப் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் தகுதித் தீர்மானப் பிரிவு தொடக்கத்துக்கு நல்ல இடம். அங்கே எண்கள் நிறைய, காலக்கெடு தெளிவு, பாதிக்கப்படுபவர்களைக் கண்டுபிடிப்பதும் எளிது.

அதே சட்டத்தில் ‘ரைடர்’ என்று எண்ணிட்ட சிறு பத்திகள் இருக்கும். இந்தத் தொகையை இதற்கு மட்டுமே செலவிடு, இந்தத் தேதிக்குள் இந்த அறிக்கையைக் கொடு என்பது போன்ற கட்டளைகள். பலர் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். நீங்கள் தேடும் தகவல் ஏற்கெனவே ஒரு ரைடர் அறிக்கையில் வந்துகொண்டிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

அளவீடுகளில் நான்கு சாதி

டெக்சஸ் முறையில் அளவீடுகள் நான்கு வகை. மக்களின் நிலையில் என்ன மாறியது என்பது விளைவு. எவ்வளவு வேலை நடந்தது என்பது வெளியீடு. ஒரு வேலைக்கு எவ்வளவு செலவு அல்லது நேரம் என்பது திறன். துறையின் கையில் இல்லாத பின்னணியைச் சொல்வது விளக்கம். வெளியீடும் திறனும் காலாண்டுக்கு ஒருமுறை சட்டமன்ற பட்ஜெட் வாரியத்துக்குப் போகும். மற்ற இரண்டும் ஆண்டுக்கு ஒருமுறை.

வகை தெரியாமல் வாதாடினால் முதல் நிமிடத்திலேயே தோற்றுவிடுவோம். ‘மாதச் சராசரி தகுதித் தீர்மானங்களின் எண்ணிக்கை’ என்பது வெளியீடு. அது உயர்ந்தால் வேலை அதிகம் நடந்தது என்று பொருள், மக்களுக்கு நல்லது நடந்தது என்று பொருள் அல்ல. தவறாக மறுக்கப்பட்ட விண்ணப்பமும் அதில் ஒன்றாகத்தான் எண்ணப்படுகிறது. மறுக்கப்பட்டவர் மறுபடி விண்ணப்பித்தால் இன்னொன்று கூடும். திறன் அளவீட்டிலும் இதே சிக்கல் உண்டு. ‘ஒரு தீர்மானத்துக்கான சராசரிச் செலவு’ குறைந்திருக்கிறது என்று மகிழ்ச்சியோடு ஒரு வரி வரும். ஊழியர்கள் வேலையை விட்டுப் போய், இருப்பவர்கள் தலையில் சுமை ஏறினாலும் அந்தச் செலவு குறையத்தான் செய்யும். அரசு ஊழியர் விலகல் விகிதத்தை மாநிலத் தணிக்கையாளர் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்த அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் திறன் அளவீட்டைப் படிக்க வேண்டும்.

வரையறைத் தாள் இல்லாமல் ஒரு எண்ணையும் நம்பாதீர்கள்

ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு வரையறைத் தாள் உண்டு. அதில் சுருக்க விளக்கம், எதற்காக இந்த அளவீடு, தரவு எங்கிருந்து வருகிறது, எப்படிக் கணக்கிடுவது, தரவின் குறைகள், கூட்டிக்கொண்டே போகும் எண்ணா இல்லையா, இலக்கைவிடக் கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா என்ற விவரங்கள் இருக்கும். துறையின் உத்தித் திட்டத்தோடும் நிதிக் கோரிக்கையோடும் சேர்ந்து இது வரும். கிடைக்கவில்லை என்றால் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

இதில் ‘எப்படிக் கணக்கிடுவது’ என்ற பத்தியில்தான் பாதிச் சூட்சுமம். ஸ்னாப் விண்ணப்பத்தை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும், கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாத குடும்பத்துக்கு 7 நாளுக்குள் என்பது கூட்டரசு விதி. மெடிக்கெய்டுக்கு 45 நாள், உடல் இயலாமையை வைத்து முடிவு செய்ய வேண்டியதென்றால் 90 நாள். இனி ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மாதத்தில் கெடு முடிய வேண்டிய விண்ணப்பங்கள் 1,000. அதில் 700 நேரத்துக்குள் முடிந்தன. 100 தாமதமாக முடிந்தன. மீதி 200 கெடு தாண்டியும் இன்னும் கிடக்கின்றன. முடிந்த விண்ணப்பங்களை மட்டும் வகுக்கும் எண்ணாக வைத்தால் 700-ஐ 800-ஆல் வகுத்து 87.5 விழுக்காடு. கெடு வந்த எல்லாவற்றையும் வைத்தால் 70 விழுக்காடு. இரண்டுமே பொய் இல்லை. ஆனால் முதல் எண்ணில் அந்த 200 குடும்பங்கள் இல்லவே இல்லை.

கதை இதோடு முடியவில்லை. அடுத்த மாதம் மேலாளர் ஒருவர் நேர்மையாகப் பழைய தேக்கத்தை எடுத்து முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதியவற்றில் 700 நேரத்துக்குள், பழைய 200-உம் வேறு 100-உம் தாமதமாக. இப்போது முதல் முறைப்படி 700-ஐ 1,000-ஆல் வகுக்க வேண்டும். விகிதம் 87.5-இலிருந்து 70-க்கு விழுகிறது. நல்ல வேலை செய்த மாதத்தில் மோசமான மதிப்பெண். பழைய கோப்பைத் தொடாமல் விட்டு, புதியதை மட்டும் முடிப்பவருக்கு அளவீடு பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறது! எனவே நேரம் தவறாமை பற்றிய எந்த விகிதத்தோடும் மூன்று துணை எண்களைச் சேர்த்துக் கேளுங்கள்: மாதக் கடைசியில் கெடு தாண்டி நிற்பவை எத்தனை, அவற்றில் 60 நாளையும் 90 நாளையும் தாண்டியவை எத்தனை, அந்த மாதம் புதிதாக வந்தவை எத்தனை. விகிதம் விழுந்து தேக்கமும் குறைந்தால் துறை சரியான வழியில் போகிறது. விகிதம் உயர்ந்து தேக்கமும் உயர்ந்தால் யாரோ ஏமாற்றப்படுகிறார்கள்.

சராசரியிலும் இதே எச்சரிக்கை. ஒன்பது பேருக்கு 20 நாளில் முடிந்து ஒருவருக்கு 200 நாள் ஆனால் சராசரி 38 நாள். அந்தப் பத்துப் பேரில் எவருக்கும் 38 நாள் ஆகவில்லை. இடைநிலை அளவையும் (வரிசையில் நடுவில் நிற்பவரின் காத்திருப்பு) கடைசிப் பத்து விழுக்காட்டினரின் காத்திருப்பையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

காலாண்டு அறிக்கையைப் படிக்கும் விதம்

மாநில நிதியாண்டு செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. கூட்டரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. மெடிக்கெய்டை நடத்தும் தனியார் காப்பீட்டுத் திட்டங்களின் தர அளவீடுகளோ பெரும்பாலும் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. ‘2024’ என்று மூன்று அறிக்கையில் இருந்தால் மூன்று வேறு பன்னிரண்டு மாதங்கள். உங்கள் விரிதாளில் ஆண்டு என்ற ஒரே பத்தி போதாது. தொடக்க மாதம், முடிவு மாதம் என்று இரண்டு பத்தி வையுங்கள். இந்தக் குழப்பத்தால் மட்டுமே பொதுமேடையில் தலைகுனிந்த குழுக்கள் உண்டு.

விரிதாளின் மற்றப் பத்திகள்: அளவீட்டின் முழுப் பெயர், வகை, இலக்கு, வந்த எண், வேறுபாட்டு விழுக்காடு, துறை தந்த விளக்கம் சொல் மாறாமல், அறிக்கையை நீங்கள் இறக்கிய தேதி. கடைசிப் பத்தியை யாரும் போடுவதில்லை. அதுதான் பின்னால் காப்பாற்றும். இணையப் பலகைகளில் போன மாத எண்ணின் மேலேயே இந்த மாத எண்ணை எழுதிவிடுவார்கள். பழைய எண்ணைத் திருத்தினாலும் தடம் இருக்காது. ஒவ்வொரு முறையும் கோப்பைத் தேதியோடு சேமியுங்கள், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைக் காக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

முக்கிய அளவீடு இலக்கிலிருந்து 5 விழுக்காடோ அதற்கு மேலோ விலகினால் துறை காரணம் எழுத வேண்டும். இந்தக் காரணங்கள் அறிக்கையிலேயே மிகவும் சுவையான பகுதி. ‘எதிர்பார்த்ததைவிடத் தேவை குறைவு’, ‘பணியிடங்கள் காலி’, ‘தரவு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை’ என்ற மூன்றுக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும். நான்கு காலாண்டு விளக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் படியுங்கள். அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் அது காரணம் இல்லை, பழக்கம். தரவு தாமதம் என்றால் அடுத்த காலாண்டில் பழைய எண் திருத்தப்பட்டிருக்க வேண்டும். திருத்தப்பட்டதா என்று பாருங்கள்.

கூட்டிக்கொண்டே போகும் அளவீட்டுக்கு ஒரு எளிய சோதனை. ஆண்டு இலக்கு 12,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் காலாண்டு முடிவில் 9,000 வந்திருக்க வேண்டும், வந்தது 8,100. மீதி 3,900-ஐ ஒரே காலாண்டில் முடிக்க வேண்டும். இதுவரை ஒரு காலாண்டுக்கு வந்ததோ சராசரி 2,700. இலக்கைத் தொடுவோம் என்று மே மாதத்தில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டி வழி என்ன என்று கேளுங்கள். மாதச் சராசரிப் பயனாளர் எண்ணிக்கை போன்றவற்றில் மட்டும் இந்தக் கூட்டலைச் செய்துவிடாதீர்கள். நான்கு காலாண்டுச் சராசரிகளைக் கூட்டி “நான்கு மடங்கு மக்கள்” என்று அறிக்கை விட்டவர்கள் இருக்கிறார்கள். ‘பயனாளர் மாதங்கள்’ என்ற சொல்லிலும் கவனம். ஒருவர் ஆறு மாதம் காப்பீட்டில் இருந்தால் அது ஆறு பயனாளர் மாதம், ஆறு ஆட்கள் அல்ல.

எண் சரிதானா என்று பார்ப்பவர் யார்

மாநிலத் தணிக்கையாளர் அலுவலகம் அவ்வப்போது துறைகளைத் தேர்ந்தெடுத்து அவை அனுப்பிய எண்களைச் சரிபார்க்கும். முடிவு நான்கில் ஒன்றாக இருக்கும். எண் 5 விழுக்காட்டுக்குள் சரி, கட்டுப்பாடுகளும் சரி என்றால் ‘சான்றளிக்கப்பட்டது’. எண் சரி, ஆனால் கட்டுப்பாடு பலவீனம் என்றால் ‘வரம்புடன் சான்றளிக்கப்பட்டது’. பிழை 5 விழுக்காட்டைத் தாண்டினால் ‘துல்லியமற்றது’. நான்காவது வகைதான் நம் கண்ணில் பட வேண்டியது: ‘சான்றளிக்க முடியாதபடி காரணங்கள் தடுத்தன’. ஆவணமே வைக்காததால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, தவறு என்றும் சொல்ல முடியவில்லை என்று அதற்குப் பொருள். கேட்பதற்கு மென்மையாக இருக்கும். துல்லியமற்றது என்பதைவிட இது மோசம் என்பது எங்கள் கருத்து. தவறான எண்ணைத் திருத்தலாம், தடமே இல்லாத எண்ணை என்ன செய்வது?

கூட்டரசுப் பணத்துக்கு ஆண்டுதோறும் நடக்கும் ‘சிங்கிள் ஆடிட்’ அறிக்கையையும் விட்டுவிடாதீர்கள். அதில் ஒவ்வொரு குறைக்கும் எண் உண்டு, முந்தைய ஆண்டில் இதே குறை எந்த எண்ணில் வந்தது என்ற குறிப்பும் உண்டு. மூன்று ஆண்டு தொடர்ந்து வந்த குறை ஒன்று கிடைத்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

வாஷிங்டன் வைத்திருக்கும் எண்கள்

மாநிலம் சொல்லும் எண்ணை உரசிப் பார்க்கக் கல் ஒன்று வேண்டும். கூட்டரசு வெளியிடும் தரவுதான் அந்தக் கல். மெடிக்கெய்ட் விண்ணப்பங்கள் எத்தனை 24 மணி நேரத்துக்குள், எத்தனை 45 நாளைத் தாண்டி முடிந்தன என்பதை மாநில வாரியாகக் கூட்டரசின் மெடிக்கெய்ட் மையம் தருகிறது. மூன்று வயதுக்குள் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான தொடக்கநிலைத் தலையீட்டுத் திட்டத்தில், பரிந்துரை வந்த 45 நாளுக்குள் குடும்பத் திட்டம் எழுதிக் கூட்டம் நடத்த வேண்டும். மாநிலம் இதைப் பற்றி ஆண்டுதோறும் பிப்ரவரியில் கூட்டரசுக் கல்வித் துறைக்கு அறிக்கை தருகிறது. துறை அதைப் படித்து ‘நிபந்தனைகளை நிறைவேற்றுகிறது’ என்பதிலிருந்து ‘கணிசமான தலையீடு தேவை’ என்பது வரை நான்கில் ஒரு மதிப்பைக் கொடுக்கிறது.

ஸ்னாப்பில் முக்கியமானது பணப் பிழை விகிதம். கூடுதலாகக் கொடுத்ததும் குறைவாகக் கொடுத்ததும் இரண்டும் அதில் சேரும். இதை மோசடி விகிதம் என்று எழுதும் செய்திகள் தவறானவை. பெரும்பாலும் வருமானக் கணக்கில், வீட்டு ஆட்கள் எண்ணிக்கையில் விழும் பிழைதான் இது. நாடு முழுவதற்கும் 2023 கூட்டரசு நிதியாண்டில் 11.68 விழுக்காடு, 2024-இல் 10.93. மாநில வாரி எண்கள் வழக்கமாக ஜூன் கடைசியில் வெளிவரும். நாட்டுச் சராசரியின் 105 விழுக்காட்டுக்கு மேல், புள்ளியியல் உறுதியோடு இரண்டு ஆண்டு தொடர்ந்து போனால் அபராதம் என்பது இதுவரை இருந்த ஏற்பாடு. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் பந்தயத்தை ஏற்றிவிட்டது. 2028 கூட்டரசு நிதியாண்டு முதல், பிழை 6 விழுக்காட்டைத் தொட்டால் உதவித் தொகையிலேயே மாநிலம் பங்கு போட வேண்டும். 6-இலிருந்து 8 வரை 5 விழுக்காடு, 8-இலிருந்து 10 வரை 10 விழுக்காடு, அதற்கு மேல் 15 விழுக்காடு. நிர்வாகச் செலவில் மாநிலத்தின் பங்கும் 2027 முதல் பாதியிலிருந்து முக்கால் பங்காகிறது.

பணம் ஏறும்போது எண்ணைப் பழுதுபார்க்கும் ஆசையும் ஏறும். இதற்கு முன் அது நடந்திருக்கிறது. பிழைகளைச் சோதிக்கும் தரக் கட்டுப்பாட்டுக் கோப்புகளைப் பல மாநிலங்கள் ஆலோசனை நிறுவனத்தின் வழிகாட்டலில் ஒருதலையாகக் கையாண்டதைக் கூட்டரசின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். விளைவாக 2015, 2016 ஆண்டுகளுக்குத் தேசியப் பிழை விகிதமே வெளியாகவில்லை. அது பற்றிய குற்றச்சாட்டுகளைத் தீர்க்கப் பல மாநிலங்கள் பணம் கட்டின. டெக்சஸ் கட்டியது 15 மில்லியன் டாலருக்கு மேல். ஆகவே பிழை விகிதம் ஓராண்டில் திடீரென்று சரிந்தால் கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சோதனைக்கு எடுத்த கோப்புகளில் எத்தனை ‘முடிக்க முடியவில்லை’ என்று ஒதுக்கப்பட்டன, கூட்டரசின் மறுபரிசோதனையில் எத்தனை முடிவுகள் மாறின, பிழையைக் குறைக்கக் கூடுதல் ஆவணம் கேட்டதால் மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் எவ்வளவு கூடின. மூன்றாவது கேள்வி வரும் ஆண்டுகளில் மிக முக்கியமாகப் போகிறது. பிழை விகிதத்தைக் குறைக்கச் சுலபமான வழி, சிக்கலான குடும்பங்களை உள்ளே விடாமலிருப்பது.

2023-இல் மெடிக்கெய்டில் நடந்தது இதற்குப் பக்கத்துப் பாடம். தொற்றுக் காலத்தில் யாரையும் நீக்கக் கூடாது என்றிருந்த விதி அந்த ஆண்டு மார்ச் 31-ஓடு முடிந்தது. மாநிலங்கள் எல்லோரையும் மறுபடி சரிபார்த்தன. நாடு முழுவதும் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர் நீக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டது தகுதி இல்லை என்று தெரிந்து அல்ல. படிவம் திரும்பி வரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போனது என்பது போன்ற நடைமுறைக் காரணங்களால்தான். இது நமக்குத் தெரிந்ததே கூட்டரசு அந்தப் பிரிவைத் தனியாக அறிக்கை செய்யச் சொன்னதால்தான். ‘புதுப்பித்தல்கள் முடிக்கப்பட்டன’ என்ற ஒரே எண்ணாக வந்திருந்தால் அது வெற்றியாகவே படிக்கப்பட்டிருக்கும். இப்போதும் கேட்க வேண்டிய நான்கு பிரிவு: தானாகப் புதுப்பிக்கப்பட்டவை, படிவம் வாங்கிப் புதுப்பித்தவை, தகுதியின்மையால் நீக்கியவை, நடைமுறையால் நீக்கியவை.

விருப்பப் பட்டியல் என்னும் வரிசை

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு வீட்டிலும் சமூகத்திலும் சேவை தரும் திட்டங்களுக்கு டெக்சஸில் ‘இன்ட்ரஸ்ட் லிஸ்ட்’ உண்டு. பத்தாண்டைத் தாண்டிய காத்திருப்பு சாதாரணம். ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பகுதித் தமிழ்ப் பெற்றோரில் ஆட்டிசம் உள்ள குழந்தை வளர்ப்பவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். கேள்விப்படாதவர்கள் இன்றே பெயர் பதிவு செய்யலாம். தகுதி பார்ப்பது முறை வந்த பிறகுதான்.

அதனால்தான் பட்டியலின் நீளம் மட்டும் துறையின் திறமையைச் சொல்லாது. தகுதி பார்க்காத பெயர்கள் அதில் இருக்கும், ஒரே ஆள் பல திட்டங்களின் பட்டியலிலும் இருப்பார். எனவே எல்லாப் பட்டியலையும் கூட்டக் கூடாது, ஆள் ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணிய தொகையைக் கேட்க வேண்டும். இந்த ஈராண்டில் சட்டமன்றம் எத்தனை இடங்களுக்குப் பணம் கொடுத்தது, எத்தனை பேருக்கு அழைப்புப் போனது, அதில் எத்தனை பேர் உண்மையில் சேவையில் சேர்ந்தார்கள், அழைப்பிலிருந்து சேர்க்கை வரை எத்தனை நாள் என்பவைதான் துறையைப் பிடிக்கும் எண்கள். பணம் வந்தும் இடம் நிரம்பவில்லை என்றால் சட்டமன்றத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆவணம் கேட்டு எழுதுவது

அறிக்கையில் இல்லாததை டெக்சஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் கேட்கலாம். இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பழகியவர்கள் இரண்டு வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும். இங்கே குடியுரிமை தேவையில்லை, எந்த விசாவில் இருப்பவரும் கேட்கலாம். மறுக்க நினைத்தால் துறைதான் பெரும்பாலும் 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் போய் அனுமதி கேட்க வேண்டும், நாம் மேல்முறையீட்டுக்கு அலைய வேண்டியதில்லை. அந்த 10 நாளைத் தகவல் கைக்கு வரும் கெடு என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். தகவலைத் ‘தாமதமின்றி’ தர வேண்டும் என்பதுதான் விதி. அட்டர்னி ஜெனரலிடம் போனால் முடிவுக்கு 45 வேலை நாள் வரை ஆகலாம்.

இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். “ஏன் தாமதம்?” என்ற கேள்விக்குப் பதில் எழுத அவர்களுக்குக் கடமை இல்லை. “2024 செப்டம்பர் முதல் 2025 ஆகஸ்ட் வரை, மாதவாரியாக, மண்டலவாரியாக, ஸ்னாப் விண்ணப்பங்களில் பெறப்பட்டவை, 30 நாளுக்குள் முடிந்தவை, மாதக் கடைசியில் 30, 60, 90 நாளைத் தாண்டி நிற்பவை ஆகியவற்றைக் காட்டும் உள்அறிக்கைகள், எக்செல் கோப்பாக” என்று எழுதினால் ஒளிய இடம் குறைவு. கூடவே அளவீட்டின் வரையறைத் தாளையும், பட்ஜெட் வாரியத்துக்கு அனுப்பிய எண்ணின் கணக்குத் தாள்களையும் கேளுங்கள். தனிநபர் விவரம் வேண்டாம், சிறிய எண்களை மறைத்துத் தரலாம் என்று நீங்களே முன்கூட்டி எழுதிவிட்டால் அந்தரங்கத்தைக் காரணம் காட்டும் வழி அடைபடும்.

கட்டணம் 40 டாலரைத் தாண்டும் என்றால் மதிப்பீடு அனுப்புவார்கள். அதற்கு 10 வேலை நாளுக்குள் பதில் எழுதாவிட்டால் மனு திரும்பப் பெறப்பட்டதாகிவிடும். ஸ்பாம் பெட்டியில் அந்த மின்னஞ்சல் கிடந்து மனு செத்துப்போவது அடிக்கடி நடப்பது. ஊழியர் நேரத்துக்கு மணிக்கு 15 டாலர், நிரல் எழுத வேண்டியிருந்தால் 28.50. பெரிய தொகை வந்தால் கேள்வியைச் சுருக்குங்கள், கைவிடாதீர்கள்.

யாரிடம், எந்த மாதத்தில்

கையில் தாள் தயார். தவறான மாதத்தில் கொண்டுபோனால் நன்றிக் கடிதம் மட்டும் கிடைக்கும். ஒற்றைப்படை ஆண்டில் ஜனவரி இரண்டாம் செவ்வாயன்று சட்டமன்றம் கூடி 140 நாள் நடக்கும். 2027-இல் ஜனவரி 12 முதல் மே 31 வரை. ஆனால் பட்ஜெட்டின் வடிவம் அதற்கு முந்தைய இரட்டை ஆண்டிலேயே உருவாகிவிடுகிறது. வசந்தத்தில் துறைகள் தங்கள் அளவீடுகளை மாற்றவும் நீக்கவும் அனுமதி கேட்கும். கோடையில் உத்தித் திட்டமும் நிதிக் கோரிக்கையும் வரும். அதன்பின் பட்ஜெட் வாரியமும் ஆளுநர் அலுவலகமும் சேர்ந்து விசாரணை நடத்தும்.

அந்த வசந்தகால மாற்றப் பட்டியலை ஆண்டுக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. சங்கடம் தரும் அளவீடு சாகும் இடம் அதுதான். ‘தேவையற்ற இரட்டிப்பு’ என்ற பெயரில் நீக்கப்படும், அல்லது வரையறையில் ஒரு சொல் மாறி பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாமல் போகும். மாற்றம் நியாயமாகவும் இருக்கலாம், இருக்கும் அளவீடுகள் எல்லாம் புனிதமானவை அல்ல. ஆனாலும் பழைய வரையறைப்படியும் புதிய வரையறைப்படியும் குறைந்தது ஓராண்டுக்கு இரண்டு எண்ணும் வேண்டும் என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

கூட்டத்தொடரில் போக வேண்டிய இடம், கீழவையின் ஒதுக்கீட்டுக் குழுவில் இரண்டாம் பிரிவைப் பார்க்கும் துணைக்குழு, மேலவையின் நிதிக் குழு. பொதுமக்கள் சாட்சிக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான். ஒரு பக்கத் தாளில் ஒரு வரைபடம், ஒரு வரையறை, ஒரு கோரிக்கை. “நிலைமையைச் சரிசெய்யுங்கள்” என்பது கோரிக்கை இல்லை. “கெடு தாண்டி நிற்கும் விண்ணப்பங்களின் எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிடும்படி ஒரு ரைடர் சேருங்கள், இதோ வாசகம்” என்பதுதான் கோரிக்கை. ரைடர் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போனால் உறுப்பினரின் உதவியாளர் அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியும். வாக்குப் போடுபவரைவிட அந்த உதவியாளரிடம் இருபது நிமிடம் பேசுவது பல சமயம் பயன் தரும்.

பெரும்பாலான துறைகளை ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒருமுறை ‘வேண்டுமா, வேண்டாமா’ என்றே ஆராயும் சன்செட் குழுவும் உண்டு. 1977-இல் வந்த சட்டம், 12 உறுப்பினர், அதில் இருவர் பொதுமக்கள். ஆணையத்தின் 2015 மறுசீரமைப்பு அந்த வழியாகத்தான் வந்தது. முறை எப்போது என்று அதன் அட்டவணையில் பார்த்து, ஐந்தாறு ஆண்டுப் போக்கோடு போங்கள். ஒரு காலாண்டுத் தாளுக்கு அங்கே மதிப்பில்லை.

நாமே தவறு செய்யும் இடங்கள்

இலக்கையே குறைத்து வைத்துவிட்டு அதைத் தாண்டினோம் என்பது துறைகளின் பழைய வித்தை. இலக்குக்குப் பக்கத்தில் கடந்த மூன்று ஆண்டு உண்மை எண்ணை எழுதுங்கள், தெரிந்துவிடும். நம் பக்கத்து வித்தை வேறு. மிக மோசமான மாதத்தை மட்டும் எடுத்து வரைபடம் போடுவோம். எதிரில் இருப்பவர் பன்னிரண்டு மாதத்தையும் காட்டினால் நம் மற்ற எண்களும் சேர்ந்து சாயும்.

இன்னொன்று, தவறான அளவீட்டைக் கேட்டு வாங்குவது. டெக்சஸின் பள்ளிக் கல்வித் துறை 2004-இல் சிறப்புக் கல்வி பெறும் மாணவர் 8.5 விழுக்காட்டுக்குள் இருப்பதை மாவட்டங்களுக்கான கண்காணிப்பு அளவீடாக வைத்தது. மாவட்டங்கள் எண்ணை அடைந்தன. உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் வெளியே நின்றார்கள். 2016-இல் பத்திரிகை விசாரணை அதை வெளிக்கொணர்ந்தது, 2017-இல் சட்டமன்றம் அதைத் தடை செய்தது, 2018-இல் கூட்டரசு அது சட்ட மீறல் என்றது. நலத்துறைக்கு நீங்கள் எழுதும் ரைடரிலும் இதே ஆபத்து உண்டு. ‘அழைப்பு மையத்தில் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடத்துக்குள்’ என்று மட்டும் எழுதினால், பாதி அழைப்பைத் துண்டித்துவிட்டு அந்த இலக்கை அடையலாம். கைவிடப்பட்ட அழைப்பு, வரிசை நிரம்பியதால் எடுக்கப்படாத அழைப்பு இரண்டையும் அதே வாக்கியத்தில் சேருங்கள். வாசகத்தை அனுப்பும் முன் உங்கள் குழுவில் ஒருவரை எதிர்ப்பக்கம் உட்காரவைத்து, ஒரு குடும்பத்துக்கும் உதவாமல் இந்த எண்ணை எப்படி நல்லதாகக் காட்டலாம் என்று யோசிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார் என்றால், அந்த ஓட்டையை அடைக்கும் துணை எண்ணை எழுதிச் சேர்த்த பிறகு அனுப்புங்கள்.